அளவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை மட்டும் ஏன் குறையவில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய் பார்க்கும் ஒரு கிளினிக்கில் டயட்டீஷியனாக இருக்கிறேன். டாக்டர் அறையிலிருந்து வெளியே வருபவர்களில் பாதிப் பேர் "எடை குறைக்க வேண்டும்" என்று எழுதிய சீட்டோடு அடுத்து என் மேஜைக்கு வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எத்தனை இட்லி, எத்தனை சப்பாத்தி என்ற பட்டியல் இதில் இருக்காது. அந்தப் பட்டியல் எல்லோர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அதில் இடம்பெறாத விஷயங்களைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள்.

நான் சாப்பிடுவதே கொஞ்சம். அப்புறம் எப்படி எடை குறையாமல் இருக்கும்?

போன வருடம் ஒரு அம்மா வந்தார், 52 வயது. கையில் ஒரு நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று வேளையும் எழுதியிருந்தார். காலை 2 இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ரசம், பொரியல், இரவு 2 சப்பாத்தி. மூன்று மாதமாக இதேதான். எடை 78 கிலோவிலேயே நின்றது. "மேடம், இதுக்கு மேல எதைக் குறைக்கிறது, தண்ணியையா?" என்று கேட்டார். அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

மூன்று நாளைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, வாய்க்குள் எது போனாலும் போகும் முன் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். முதல் நாளிலேயே 19 படம். பேரன் தட்டில் மிச்சம் வைத்த தோசை, அதுவும் நெய் ஊறிய நடுப்பகுதி. உப்பு பார்க்க உள்ளங்கையில் விட்ட சாம்பார். கறுத்துப் போகிறதே என்று உரித்த வாழைப்பழத்தில் பாதி. முறுக்கு டின்னின் அடியில் கிடந்த தூள், மூன்று தடவை. பக்கத்து வீட்டு வளைகாப்பு லட்டு. காபி நான்கு டம்ளர். தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது மூன்றே படம்தான். மற்றதெல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டே உள்ளே போனவை. நின்றுகொண்டு சாப்பிட்டதை யாருமே சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது அந்த அம்மாவின் குறை மட்டும் இல்லை. 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரைச் சோதித்தார்கள். உடல் எரிக்கும் சக்தியில் அவர்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் சொன்ன கணக்கில் வரவேயில்லை. செய்த உடலுழைப்பையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே ஏமாற்றியதாகத் தெரியவில்லை. நமக்கு ஞாபகம் இருப்பது தட்டு மட்டும்தான்.

அதனால் நீங்களும் மூன்று நாள் படம் எடுத்துப் பாருங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். குழந்தை தட்டில் மிச்சம் வைக்கிறது என்றால் முதலிலேயே பாதி தோசை வையுங்கள், கேட்டால் மீதியைக் கொடுக்கலாம். சோற்றை வீணாக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். குப்பைக்குப் போக விடாமல் காப்பாற்றியதெல்லாம் இடுப்பில் வந்து தங்கிவிடுகிறது.

காபி, டீயில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டம்ளர் காபிக்கு 100 மில்லி பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். நீலம் என்றால் டம்ளருக்கு ஏறக்குறைய 100 கலோரி, ஆரஞ்சு என்றால் 125. காலையில் எழுந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களோடு ஒன்று. மொத்தம் 400 முதல் 500 கலோரி. ஏழெட்டு இட்லிக்குச் சமம். இட்லியை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டுக் காபியைத் தொடாமல் விட்டிருப்பார்கள்.

சர்க்கரை மட்டுமே எட்டு ஸ்பூன், அதாவது சுமார் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல அளவு, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 25 கிராம்தான். காபியை விடச் சொல்ல எனக்கே மனசு வராது. இரண்டு டம்ளரோடு நிறுத்துங்கள். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும், அதற்கப்புறம் பழைய காபியே திகட்டும்.

கூடவே வரும் பிஸ்கெட்டையும் எண்ண மறக்காதீர்கள். "மேரிதானே, லைட்டாத்தானே இருக்கு" என்பார்கள். அதுவும் மைதா, சர்க்கரை, எண்ணெய்தான்.

சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்?

எடையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. நல்லதுதானே என்று ஒரு ஸ்பூன் கூடப் போடுகிறோம், அதுதான் நடக்கிறது.

வீட்டுச் சாப்பாடுதான். ஹோட்டல் பக்கமே போவதில்லையே?

இதைக் கேட்டால் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர்?

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் ஒரு மாதத்தில் காலியானால், தலைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 கிராம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. அப்படியானால் எண்ணெயில் இருந்து மட்டும் 340 கலோரி. நெய்யும் தேங்காயும் இதில் சேரவில்லை. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 20 முதல் 25 கிராம் போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லியிருக்கும் அளவு. நாலு பேருக்கு மாதம் மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

எப்படிக் குறைப்பது? சமைக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்துங்கள். காலையில் அன்றைக்கு வேண்டிய எண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டு, மூன்று வேளையும் அதிலிருந்தே எடுங்கள். ஒரு வீட்டில் இப்படி ஆரம்பித்தபோது முதல் வாரம் தினமும் மதியமே கிண்ணம் காலி. காரணம் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் ஒரே நாளில். இப்போது இரண்டையும் சேர்த்துச் செய்வதில்லை. என்ன எண்ணெய் என்று கேட்காதீர்கள். செக்கில் ஆட்டியதானாலும் ரீஃபைண்டானாலும் கலோரி ஒன்றுதான்.

சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி, சிறுதானியம் என்று மாறிவிட்டேன். ஏன் பலனில்லை?

சமைக்காத 100 கிராம் என்று எடுத்துக்கொண்டால் பச்சரிசி, கோதுமை மாவு, கேழ்வரகு எல்லாமே 320 முதல் 360 கலோரிக்குள்தான். கேழ்வரகிலும் முழுக் கோதுமையிலும் நார்ச்சத்து கூடுதல். அதனால் பசி தாங்கும், சர்க்கரை நோயாளிகளுக்கு அது உதவி. ஆனால் ஆறு சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு "சோறே தொடலை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நம் தட்டில் இருக்கும் உண்மையான குறை வேறு. சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருக்கிறது. அதைத் திருப்பிப் போடுங்கள். பொரியல், கூட்டு, முட்டை, மீன், சுண்டல் முதலில், சோறு கடைசியில். பருப்பும் முட்டையும் சரியாக இல்லாத தட்டு இரண்டு மணி நேரத்தில் பசியைக் கிளப்பிவிடும், அப்புறம் முறுக்கு டின்தான்.

காலைச் சாப்பாட்டை விட்டால் எடை குறையுமா?

சிலருக்குக் குறைகிறது. பலருக்கு நடப்பது இதுதான்: பதினொன்றரைக்கு டீக்கடையில் இரண்டு வடை, மதியம் இரண்டு மடங்கு சோறு. விட்ட இட்லியை வட்டியோடு திருப்பிக் கட்டிவிடுகிறார்கள். விட்டால் தாங்குகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையை விடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கிளினிக்கில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

விரத நாளும் இப்படித்தான். ஒரு பொழுது இருந்துவிட்டு இலையில் வடை, பாயசம், அப்பளத்தோடு விரதம் முடித்தால் அது பக்திக் கணக்கில் சேரட்டும், எடைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேலை முடிந்து வரவே ஒன்பதரை ஆகிறது. ராத்திரி தாமதமாகச் சாப்பிடுவதுதான் காரணமா?

கடிகாரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பதரைக்கு வருபவரின் அன்றைய நாளைக் கேளுங்கள். மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டது. இடையில் எட்டு மணி நேரம் டீ, பிஸ்கெட். வீட்டுக்கு வரும்போது அகோரப் பசி. டிவி முன் தட்டு. எத்தனை தோசை என்பது தோசை சுடுபவருக்குத்தான் தெரியும். சாப்பிட்ட அரை மணியில் படுக்கை.

இதில் மாற்ற முடிந்தது மாலை ஆறு மணிதான். ஆபீஸ் பையில் ஒரு சின்ன டப்பா சுண்டலோ, அவித்த முட்டையோ, ஒரு கொய்யாவோ இருக்கட்டும். ஒன்பதரைக்கு வரும் பசி பாதியாகிவிடும். சென்னை ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். நள்ளிரவில் சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்பைத் திறப்பதற்கு முன் பையைத் திறக்க ஏதாவது இருக்க வேண்டும். பாக்கெட் தின்பண்டம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019-இல் அமெரிக்காவில் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் வேண்டுமளவு சாப்பிட விட்டார்கள். பதப்படுத்தியதைச் சாப்பிட்டபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது.

தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறேன். அது போதாதா?

எங்கள் பகுதிப் பூங்கா வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நடந்து முடித்தவர்கள் நேராக எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போவார்கள். 70 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் செலவாவது 200 முதல் 250 கலோரி. இரண்டு மசால் வடையும் ஒரு டீயும் அதைத் தாண்டிவிடும். பேசிக்கொண்டே மெதுவாக நடந்தால் செலவு இன்னும் குறைவு. நடையை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் அது செய்யும் நன்மை வேறு. அதை மட்டும் நம்பி எடை குறையும் என்று காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

மற்ற 23 மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கொழுப்பு அரை கிலோகூட ஏறவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் ஏறியது. ஏறாதவர்கள் ஜிம்முக்குப் போகவில்லை. எழுந்து போவது, நிற்பது, கையைக் காலை அசைப்பது என்று தங்களை அறியாமலே கூடுதலாக இயங்கியிருந்தார்கள்.

நம் வீடுகளில் இந்தச் சில்லறை இயக்கம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. தெருமுனைக் கடைக்கு வண்டி. பாலும் காய்கறியும் வாசலுக்கே. மாவு கிரைண்டரில், அல்லது பாக்கெட்டில். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அம்மியில் அரைக்கச் சொல்ல நான் யார்? போனில் பேசும்போது நடங்கள். தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைக்காமல் சமையலறையில் வையுங்கள். பஸ்ஸில் இருந்து ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்குங்கள். தினமும் பத்தாயிரம் காலடி நடந்தே ஆக வேண்டும் என்ற பயம் வேண்டாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரில்தான் அந்த எண் பரவியது. இப்போது 3,000 என்றால் 5,000 ஆக்குங்கள்.

தூக்கத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் வெளியான ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் இறங்கியது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறார்கள். 2022-இல் வந்த இன்னோர் ஆய்வில், குறைவாகத் தூங்கும் 80 பேரைச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைத்தபோது, டயட் எதுவும் சொல்லாமலே நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

பதினோரு மணிக்கு மேல் ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. விழித்திருந்தால் வாய் சும்மா இருக்காது. குறட்டை பலமாக இருந்து, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி விழுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தானே?

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 400 கலோரி மிச்சம் பிடித்தால் 2,000. சனி இரவு வெளியே, ஞாயிறு மதியம் பிரியாணி, மாலை பஜ்ஜி. இரண்டு நாளிலும் ஆயிரம் ஆயிரம் கூடினால் அந்த 2,000 போய்விட்டது. வாரம் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்தது உண்மை, எடை குறையாததும் உண்மை.

ஆண்களிடம் இன்னொன்றும் கேட்பேன், மனைவி பக்கத்தில் இருந்தால் பதில் வராது. 180 மில்லி குவார்ட்டரில் சாராயம் மட்டும் 400 கலோரிக்கு மேல். சைடிஷ் தனி.

பிரியாணி சாப்பிடுங்கள். ஒரு வேளை, ஒரு தட்டு. அதை முன்னிட்டு அன்று முழுவதும் லைசென்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்பது தாண்டினாலே மெட்டபாலிசம் குறைந்துவிடுமாமே?

29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் தொகுத்து 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. உடல் அளவுக்கு ஏற்பச் சரிக்கட்டிப் பார்த்தால், 20 முதல் 60 வயது வரை உடல் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய மாறுவதே இல்லை. நாற்பதில் குறைவது பெரும்பாலும் அசைவும் தசையும்தான். தசையைக் காப்பாற்ற வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி வேண்டும். ஜிம் கிடைக்காவிட்டால் நாற்காலியில் கை வைக்காமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில், எதுவும் சரி.

கொள்ளு ரசம், சீரகத் தண்ணீர், எலுமிச்சை தேன்?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதை எல்லோரும் சொல்வார்கள். கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய, பசி தாங்கும், தாராளமாகச் சாப்பிடலாம். கொழுப்பை உருக்கும் சக்தி அதற்கு மட்டுமல்ல, சீரகத்துக்கும் எலுமிச்சைக்கும்கூட இல்லை. வெறும் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும், தேன் செலவு மிச்சம்.

எனக்குத் தைராய்டு இருக்கிறது. அதனால்தானோ?

தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை கூடும். ஆனால் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோ, அதிலும் நிறைய உப்பும் நீரும். மாத்திரை எடுத்து டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) சரியான அளவுக்கு வந்துவிட்டால் இருபது கிலோவுக்குத் தைராய்டைக் காரணம் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். ஒன்றும் மாற்றாமலே எடை மளமளவென்று ஏறினாலும் இறங்கினாலும் பரிசோதனை அவசியம்.

முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது. அப்புறம் அப்படியே நிற்கிறதே?

முதலில் போனதில் பெரும்பகுதி நீர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனின் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்கு நீரும் சேர்ந்திருக்கும், சோறு குறைந்ததும் இரண்டும் இறங்கும். கொழுப்பு கரைவது மெதுவாகத்தான். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், மாதவிடாய், மலச்சிக்கல் எதுவானாலும் மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும். வாரம் ஒரு தடவை, ஒரே கிழமை, காலையில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து பாருங்கள். நாலு வாரத்தின் போக்கைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் எடை மெஷின் இல்லை. வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். நூல் போதும். உச்சந்தலையில் இருந்து பாதம் வரை உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, சரி பாதியாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டுவிட்டு, மடித்த நூலை வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. இரண்டு முனையும் தொட்டால் சரி. தொடாவிட்டால் எவ்வளவு இடைவெளி என்று விரலால் அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். இந்தியர்களுக்கு இடுப்பளவு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டக் கூடாது என்ற அளவும் இருக்கிறது, டேப் வைத்திருந்தால் அதையும் பார்க்கலாம். அந்த 52 வயது அம்மாவுக்கு முதல் நாள் இடைவெளி ஆறு விரல். போன மாதம் வந்தபோது நாலரை. அந்த அரை விரலை அவர்தான் சேர்த்துச் சொன்னார், நான் நாலு என்றே எழுதியிருப்பேன்.